கலசமும் மலரும்

மலேசிய அரசு ஊழியருக்கு அறுபது வயது நிறையும் அன்றைக்கே கட்டாய ஓய்வு. தமிழ்நாட்டில் என்றால் மாதக் கடைசி வரை பணியில் இருப்பார். இங்கே பிறந்தநாள் வாழ்த்தும் பிரிவுபசாரமும் ஒரே நாளில் வந்துவிடும். முன்பு ஐம்பத்தைந்து, பிறகு ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு என்று இருந்த ஓய்வு வயது 2012இல் அறுபதானது. தனியார் துறையிலும் அறுபதுக்கு முன் ஓய்வு கொடுத்து அனுப்பக்கூடாது என்ற சட்டம் 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஜோகூர்த் தமிழ் வீடுகளில் பணி ஓய்வும் மணிவிழாவும் கையோடு கையாக வருகின்றன. பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே ஓய்வு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

இரண்டும் சேர்ந்து வரும்போது குடும்பத்தில் ஒரு கேள்வி எழுகிறது: விழாவை எந்த முறையில் நடத்துவது? ஜோகூரில் தோட்டத்துக்கும் சாலைக்கும் உழைக்க வந்த தமிழ்நாட்டு வழியினர் உண்டு. ரயில்வேக்கும் அரசாங்க ஆபீசுக்கும் கிராணிகளாக வந்த யாழ்ப்பாண வழியினரும் உண்டு. இரண்டு வழியிலும் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக நிற்கும். என் வீட்டிலும் அப்படித்தான்.

தமிழ்நாட்டு முறையில் அறுபது என்றால் கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி. பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுகளும் ஒரு சுற்று வந்து, பிறந்த ஆண்டின் பெயரே திரும்புகிறது. 1966 சித்திரைக்குப் பின் பராபவ ஆண்டில் பிறந்தவருக்கு 2026 சித்திரையில் மறுபடியும் பராபவ. ஜென்ம நட்சத்திரத்தன்று ஆயுள் ஹோமம் நடக்கும். மார்க்கண்டேயனுக்காக எமனைச் சிவன் உதைத்த தலம் என்று திருக்கடையூருக்குப் போகிறவர்கள் பலர். அங்கே எந்த நாள் போனாலும் பிராகாரத்தில் மாலையும் கழுத்துமாகப் பல ஜோடிகளைப் பார்க்கலாம். பதினாறு கலசமா, அறுபத்து நான்கா என்பது அவரவர் வசதி.

நான் கவனித்துப் பார்த்தது அந்தக் கலச நீராட்டைத்தான். இருவரும் மணையில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து ஒவ்வொரு கலசமாக ஊற்றுகிறார்கள். பிள்ளைகள், மருமக்கள், சம்பந்திகள் வரிசையாக வருகிறார்கள். தண்ணீர் யார் தலையில் விழுந்தது என்று பிரிக்க முடியாது. கூறைப்புடவை நனைந்து கனக்கிறது, அம்மா நடுங்குகிறார், அப்பா கையைப் பிடித்துக்கொள்கிறார். பிறகு பிறந்தவீட்டுச் சீராக வந்த புதுப்புடவை கட்டி வந்து, மறுபடியும் தாலி. அறுபது நிறைந்தது அவருக்கு. ஆனால் அவர் தனியாக அங்கே உட்கார முடியாது. இந்தச் சடங்கில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அங்கே பேசப்படாதது ஒன்றும் உண்டு. முப்பது நாற்பது ஆண்டு அந்த மனிதர் என்ன வேலை செய்தார், யாருக்குப் பயன்பட்டார் என்று யாரும் கேட்பதில்லை. அது அலுவலகத்தில் தனியாக நடக்கும் பணி நிறைவு விழாவின் பாடு. மாலை, சால்வை, நாலு பேர் பேச்சு, கடைசியில் சக ஊழியர்கள் காரில் ஏற்றி வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள், வாசலில் ஆரத்தி. மனைவியை மேடைக்கு அழைத்துப் புடவை கொடுப்பதும் உண்டு. ஆனால் பேசிய பேச்சு அன்றோடு காற்றில் போய்விடும்.

யாழ்ப்பாணத்தில் அறுபது என்றதும் ஒரு குழு கூடும். மணிவிழாக் குழு. பழைய மாணவர்கள், சக ஆசிரியர்கள், கோயில் பரிபாலன சபையார் எல்லோரும் அதில் இருப்பார்கள். விழா பெரும்பாலும் அவர் படிப்பித்த பள்ளிக்கூட மண்டபத்திலேயே நடக்கும். மங்கல விளக்கு, தேவாரம், ஆசியுரை, வாழ்த்துப்பா, பொன்னாடை. அதன்பின் விழாவின் உச்சமாக மணிவிழா மலர் வெளியீடு, முதற்பிரதி வழங்கல், நயவுரை. இளைப்பாறிய அதிபர் ஒருவரைப் பற்றி அவரிடம் படித்தவர்கள் எழுதியதும், அவர் துறையைப் பற்றிய கட்டுரைகளும் ஒன்றாகக் கட்டப்பட்டுத் தலைமுறைக்கு நிற்கும். தமிழ்நாட்டிலும் அறிஞர்களுக்கு இது நடந்திருக்கிறது. தெ.பொ.மீனாட்சிசுந்தரனாருக்கு 1961இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மலர் அப்படிப்பட்டது. ஆனால் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியருக்கும், ஒரு கூட்டுறவுச் சங்க முகாமையாளருக்கும் மலர் போடுவது யாழ்ப்பாணத்தின் பெருமை. ‘நூலகம்’ இணைய நூலகத்தில் இப்படிப்பட்ட மலர்களைப் புரட்டினால் ஊர்களின் வரலாறே கிடைக்கும். போர் எரித்த ஆவணங்கள் போக மிஞ்சியவற்றில் இவையும் சேர்த்தி.

இந்த மலர்களில் மனைவியைத் தேடுங்கள். வாழ்க்கைக் குறிப்பின் பின்பகுதியில் ஒரு பத்தியில் வருவார்: இன்ன ஊர், இன்னாரின் மகள், கரம்பற்றிய ஆண்டு, பிள்ளைகளின் பட்டங்கள். விழாவில் முன்வரிசையில் இருப்பார். யாழ்ப்பாணத்தில் குருக்கள்மார் வீடுகளில் சஷ்டியப்தபூர்த்தி சாந்தி முறைப்படி நடப்பதும், வெளிநாட்டுப் பிள்ளைகள் பெற்றோரைத் திருக்கடையூருக்கே கூட்டிப்போவதும் உண்டு. ஆனாலும் அங்கே ஊர் கொண்டாடுவது பணியைத்தான். மலாயாவில் வேலை பார்த்து ஐம்பத்தைந்தில் ஊர் திரும்பிய பென்ஷன்காரர்களுக்கும் அந்த மதிப்புதான் கிடைத்தது.

இரண்டு முறைக்கும் வெளியே நின்றவர்களை இங்கே சொல்லாமல் போக முடியாது. குளுவாங், ரெங்கம், சிகாமட் பக்கம் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, நெற்றி விளக்கோடு பால் வெட்டிய ஆணும் பெண்ணும். இலங்கை மலையகத்தில் கொழுந்துக்கூடை சுமந்த பெண்கள். மலாயாவில் 1951இலும் இலங்கையில் 1958இலும் சேமநிதி வந்தது. பென்ஷன் இல்லை. வேலையோடு கிடைத்த லயத்து வீடு வேலை முடிந்தால் கையை விட்டுப் போகும் என்ற பயம்தான் அவர்களுடைய ஓய்வு. பலருக்கு நட்சத்திரமே தெரியாது, எந்த நாளில் மணையில் உட்காருவது? பொன்னாடை போர்த்த எந்தக் குழுவும் கூடவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று ஜோகூர் பாருவின் கோயில் மண்டபங்களில் பெற்றோரை மணையில் உட்கார வைத்துக் கண்கலங்குகிறார்கள். அந்தச் செலவை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இனி என் வழக்குக்கு வருகிறேன். சஷ்டியப்தபூர்த்தி கணவனின் வயதைக் கணக்கிடுகிறது. மலர் பெரும்பாலும் ஆணின் பணியைக் கணக்கிடுகிறது. ஆனால் இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளை இன்று தாங்கி நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். என் மனைவியும் அவர்களில் ஒருவர். அவருக்கு அறுபது நிறையும் நாளில் பள்ளியில் ஒரு பிரிவுபசாரம் நடக்கும், பழக்கூடை தருவார்கள். வீட்டில் ஒன்றுமில்லை, ஏனென்றால் சாஸ்திரக் கணக்கு என் வயதோடு முடிந்துவிட்டதாம். எனக்கு இது சரியாகப் படவில்லை. எனக்காக ஒரே மணையில் நனைந்தவருக்கு, அவருடைய அறுபதில் நான் பக்கத்தில் உட்கார்ந்து நனைய வேண்டும். குருக்களிடம் கேட்டேன். பெண்ணின் நட்சத்திரத்துக்கும் ஆயுள் ஹோமம் தாராளமாகச் செய்யலாம் என்றார்.

அதோடு ஒரு மலர். முதலாம் ஆண்டில் அவரிடம் அரிச்சுவடி பிடித்தவர்கள் இன்று தாதியராக, லாரி ஓட்டுநராக, ஆசிரியராக இருக்கிறார்கள். எழுதச் சொன்னால் எழுதுவார்கள்; எழுத வராதவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கைப்பேசியில் பதிவுசெய்து எழுதிக்கொள்ளலாம். வகுப்புப் படங்களுக்குக் கீழே பெயர்களை இப்போதே கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். கட்டுரைகள் வந்து சேர, மெய்ப்புப் பார்க்க, அச்சாக ஆறு மாதமாவது பிடிக்கும். ஆகவே மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் அன்றே அச்சகத்துக்கும் போய்விடுவது நல்லது.