ஆறு வீரர்களும் ஒரு கட்டத் தாளும்

1981-இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்கென வெளிவந்த ‘விசார்ட்ரி’ என்னும் ஆட்டம் இன்றும் சலிப்பூட்டுவதில்லை. ஏன்? ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் ஆகிய இருவர் ஆக்கிய இதில் பத்து அடுக்குச் சுரங்கம் ஒன்று உண்டு; அடுக்குக்கு 20 × 20 கட்டங்கள். திரையில் தெரிவன சில கோடுகளே. வழியை ஆடுபவரே கட்டத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும்.

குழுவில் ஆறு பேர். முன்வரிசை மூவரே ஆயுதத்தால் தாக்கலாம். பின்வரிசையினர் மந்திரத்தால் உதவுவர். மந்திரங்களுக்கும் அளவுண்டு. ஆகவே மேலே செல்வதா, திரும்புவதா என்று அடிக்கடி கணக்கிட நேர்கிறது. ஒருவர் மடிந்தால் அது வட்டில் பதிவாகிவிடும். கோயிலில் பொன் கொடுத்து உயிர்ப்பிக்கலாம். அதுவும் தவறிப் போகலாம். இக்கடுமை சிலரை விரட்டிவிடும் என்பது உண்மையே. ஆயினும், தவறுக்கு விலை இருப்பதால்தான் அறுவரும் உயிருடன் மேலேறி வரும்போது, நம் கணக்கு பலித்த மகிழ்ச்சி கிட்டுகிறது.