ஹைடுக்கு வங்கிக் கணக்கு திறந்தது யார்?

ஸ்டீவன்சனின் 'டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்' (1886) கதையை, நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் நடக்கிற சண்டைன்னுதான் பலரும் சொல்றாங்க. புத்தகத்தில் அப்படி இல்லை. மருந்து ஜெக்கிலைச் சரிபாதியாப் பிரிக்கவே இல்லை. ஒரு பக்கம் முழுத் தீமையான ஹைட். மறுபக்கம் நல்லதும் கெட்டதும் கலந்த அதே பழைய ஜெக்கில். சுத்தமான நல்லவன்னு யாருமே வெளியே வரல.

ஹைடுக்காக சோஹோவில் வீடு பிடிச்சது, அவன் பேரில் வங்கிக் கணக்கு திறந்தது, தன் கையெழுத்தையே சாய்ச்சு எழுதி அவனுக்கு ஒரு கையெழுத்து உண்டாக்கினது, உயில் எழுதினது எல்லாமே ஜெக்கில்தான். அதுவும் நிதானமா, முழு நினைவோட. (இவரைப் போய் அப்பாவிங்கிறாங்க!)

சர் டான்வர்ஸ் கேரு கொலைக்குப் பிறகு மனுஷன் திருந்துகிறார், துன்பப்படுறவங்களுக்கு உதவுகிறார். ஆனா ரீஜென்ட்ஸ் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, மத்தவங்களைவிட நாம மேல்னு நினைக்கிற அந்த நொடியில், மருந்தைத் தொடாமலே ஹைடா மாறிடறார். எனக்குக் கொலையைவிட இந்த இடம்தான் பயமா இருந்தது.

கடைசி வாக்குமூலத்தையும் கவனிங்க. கொலையை 'நான்' என்றே எழுதுகிற ஜெக்கில், தூக்குமரம் நெருங்கினதும் 'அவன்' என்று மாத்திக்கிறார்.