டேபர் கேட்ட கேள்வி

ஒரு படைப்பை மதிப்பிடும்போது, அது சொல்லியதோடு சொல்லாமல் விட்டதையும் நோக்குதல் வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் கென் கீஸி 1962இல் வெளியிட்ட ‘ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்’ என்னும் நாவலுக்கு இவ்வளவுகோல் மிகவும் பொருந்தும். மனநோயாளர் தங்கியிருக்கும் மருத்துவமனைக் கூடமே அதன் களம். அத்தகைய கூடத்தில் இரவுப் பணியாளராயிருந்தவர் கீஸி. ஆதலின் அவர் வருணனை கேள்விஞானத்தால் எழுந்ததன்று.

நாவலில் டேபர் என்னும் நோயாளி, தமக்குத் தரப்பட்ட மாத்திரையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். உமக்கு நல்லது என்பதற்கு மேல் விடையில்லை. கேட்டதே குழந்தைத்தனம் என்று தலைமைத் தாதி ராச்செட் பழிக்கிறாள். பொறுப்புள்ள மருத்துவர் ஸ்பைவியோ அவளுக்கு அஞ்சி நடப்பவர். நோயாளியின் நலத்துக்குரிய மருந்து, கூடத்தின் ஒழுங்குக்குரிய கருவியாகிவிடுகிறது. இதனைக் காட்டியதே நாவலின் வெற்றி.

ஆயினும் மருந்தால் தெளிவு பெற்ற ஒருவரையேனும் கீஸி நமக்குக் காட்டவில்லை. 1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் மனநோய்க்கு வழங்கப்படலாயிற்று. பல்லாண்டு அடைபட்டுக் கிடந்தோர் பலர் வீடு திரும்ப அத்தகைய மருந்துகள் துணைநின்றன. உடல்விறைப்பையும் கைநடுக்கத்தையும் தரவல்லவையும் அவையே. இவ்விரு முகங்களுள் ஒன்றையே நாவல் காண்கிறது.

இக்குறை நமக்குப் பெரிதாகப் படுவதற்குக் காரணமுண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டுத் தப்ப வழியின்றி மனநோயாளர் 28 பேர் மாண்டனர். கீஸிக்கு மாத்திரையே சங்கிலி. நாமோ இரும்புச் சங்கிலியையே கண்டவர்கள். மருந்தைப் பழித்துவிட்டு நாவலை மூடிவைக்க நம்மால் இயலாது. நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

டேபரின் கேள்விக்கு நம் நாட்டில் இன்று சட்டத்தின் துணையுண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடுக்கிறது. சிகிச்சையின் தன்மையையும் பக்கவிளைவுகளையும் அறியும் உரிமையை நோயாளிக்கு வழங்குகிறது. மகனையோ தமக்கையையோ காப்பகத்தில் விட்டுவந்த குடும்பத்தார், ‘அமைதியாக இருக்கிறாரா?’ என்று மட்டும் வினவித் திரும்புதல் போதாது. என்ன மருந்து, எதற்காக, எதுவரை என்று கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கும் துணிவைத் தருவதால், குறையிருப்பினும் இந்நாவல் நம் இல்லங்களில் படிக்கத்தக்கதே.