இரண்டு திமிங்கலங்களும் ஒரு ஏரிக் கலங்கலும்

பிளாஸ்டிக் குப்பையில் செய்த இரண்டு திமிங்கலங்களைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டையும் நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, 2018-இல் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரக் கால்வாயில் நின்றது. ஸ்டுடியோகேசிஏ என்ற நியூயார்க் வடிவமைப்புக் குழு, கடலிலிருந்து வந்த சுமார் 5 டன் பிளாஸ்டிக்கில் செய்தது. நாலு மாடி உயரம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு துள்ளுகிறது. வெள்ளையும் நீலமுமாகப் பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். அழகுன்னா அப்படி ஒரு அழகு. எனக்கு உறுத்துவதும் அதுதான். குப்பை ஜெயித்துவிட்டது மாதிரி இருக்கிறது. செல்ஃபி எடுக்கத் தோன்றுகிறதே தவிர, கூச்சம் வரவில்லை.

மற்றது, அதற்கு ஒரு வருஷம் முன்னால் பிலிப்பைன்ஸின் நாயிக் கடற்கரையில் கிரீன்பீஸ் கிடத்தியது. சுமார் 50 அடி நீளம். இது துள்ளவில்லை, கரை ஒதுங்கிய பிணம். தூரத்திலிருந்து பார்த்தால் நிஜத் திமிங்கலம். கிட்டே போனால்தான் அது நம்ம வீட்டுப் பை என்று தெரியும். இரக்கப்பட்டுக் கிட்டே போனவனைக் குற்றவாளியாக்கித் திருப்பி அனுப்புகிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் இதே மாதிரி ஒன்றை மரக்காணம் கரையில் வைக்கலாமா? எனக்குத் தயக்கம். கிழிந்த நைலான் வலைகளும் கடல் குப்பைதான், மறுக்கவில்லை. ஆனாலும் கரையில் வைத்தால், பார்க்க வருகிறவர் கண் முதலில் மீனவர் மேல்தான் விழும்.

திண்டிவனத்தில் கடல் இல்லை. விழுப்புரத்திலும் இல்லை. ஆனால் திண்டிவனம், வானூர் வட்டார ஏரிகள் பலவற்றின் உபரிநீர் கழுவெளிக்குப் போய், மரக்காணம் பக்கம் கடலில் கலக்கிறது. விழுப்புரம் பக்கத்துத் தென்பெண்ணை கடலூர் அருகே கடலைத் தொடுகிறது. நாம் வீசுகிற கவருக்கும் அதே வழிதான். 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பார்சல் டீ இன்னும் கவரில்தான் வருகிறது. நானும் கையை நீட்டி வாங்குகிறேன்.

அதனால் நம்ம சிற்பம் நிற்க வேண்டிய இடம் ஏரிக் கலங்கல், இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டு. திமிங்கலம் வேண்டாம், ஒரு விரால் போதும். டீக் கவரும் ஷாம்பு பாக்கெட்டுமாகச் செய்யட்டும். பெயின்ட் மட்டும் அடிக்கக் கூடாது. வாங்கியவர் தன் பாக்கெட்டை அடையாளம் காண வேண்டும். தயாரித்தவர் பெயரும் வெயிலில் பளிச்சென்று தெரிய வேண்டும்.