தாயின் கண்ணீரும் யாத்திரிகனின் செவிகளும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்திற்கும் இடையே அமைந்த மம்சாபுரம் போன்றதோர் ஊரில் ஊழியம் செய்யும் ஆயர், குடும்ப அன்பையும் இறைப்பற்றையும் குறித்து அருளுரை ஆற்ற எழும்போது, தமிழின் இரு நூல்கள் அவர்முன் நிற்கின்றன. ஒன்று, அண்மையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பிறந்த பெரியாழ்வார் திருமொழி. மற்றொன்று, நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் தோன்றி, 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894). முன்னது குடும்ப அன்பின் மொழியிலேயே இறைவனைப் பாடுகிறது. பின்னது குடும்பத்தைப் பிரிந்து புறப்பட்டவனின் பயணத்தைப் பாடுகிறது. இவற்றை எதிரெதிராக நிறுத்துவது எளிது. அவ்வாசிப்பு சரிதானா என்பதே நம் வினா.

பெரியாழ்வார் யசோதையாகிக் கண்ணனைத் தாலாட்டுகிறார், நீராட்டுகிறார், பூச்சூட்ட அழைக்கிறார். பிற்காலப் பிள்ளைத்தமிழுக்கு இப்பாசுரங்களே வித்து என்பர். ஆயினும், அதே நூலில் கண்ணனோடு சென்றுவிட்ட ஒரே மகளை நினைந்து புலம்பும் தாயை நாம் மறந்துவிடுகிறோம். மாமியார் மகிழ்ந்து ஏற்பாளோ, தயிர் கடையும் கயிற்றை இழுத்து மகளின் கை தழும்பேறுமோ என்று அவள் கலங்குகிறாள். மகளைக் கொண்டுபோனவன் இறைவனே என அறிந்தும் அவள் கண்ணீர் நிற்கவில்லை. பக்தி அன்பை மரத்துப்போகச் செய்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி, கிருஷ்ண பிள்ளை தழுவிய மூலநூலை நோக்குவோம். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட முதற் பாகத்தில், யாத்திரிகன் செவிகளைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். நம் பிரசங்கங்களில் பெரிதும் புகழப்படுவது இக்காட்சியே. ஆனால், அதற்கு முன் அவன் மனைவி மக்களிடம் மன்றாடியதும், அவர்களுக்காகத் தனித்திருந்து ஜெபித்ததும், வழியில் அவர்களைப் பற்றிக் கேட்கப்பட்டபோது அழுததும் பேசப்படுவதில்லை. பனியன் 1660 முதல் 1672 வரை சிறையிருந்தவர். பார்வையற்ற தம் மகளை எண்ணி உள்ளம் பிளந்ததை 1666இல் வெளியான தம் ஆத்தும வரலாற்றில் எழுதியவர். 1684இல் அவர் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில் மனைவியும் மக்களும் அதே வழியில் நடக்கின்றனர். செவியை மட்டும் எடுத்துக் கண்ணீரை விட்டுவிடுவது நூலுக்கும் சுவிசேஷத்திற்கும் இழைக்கும் அநீதியாகும்.

அப்படியாயின், லூக்கா 14:26இல் ஆண்டவர் கூறிய கடுஞ்சொல் யாரை நோக்கியது? பாசத்தை நோக்கியதன்று என்பது நம் துணிபு. காணிக்கையைக் காரணம் காட்டிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை அவரே கண்டித்தார் (மாற்கு 7:9–13). சிலுவையில் தொங்கிய வேளையிலும் தாயைச் சீடனிடம் ஒப்படைத்தார் (யோவான் 19:26–27). ஆகவே, நோயுற்ற தாயைத் தனியே விட்டு உபவாசக் கூட்டங்களுக்கு ஓடுவது அர்ப்பணிப்பு ஆகாது.

ஆயின் அக்கடுஞ்சொல் பொருளற்றுப் போயிற்றோ? இல்லை. நம் சபைகளில் குடும்பப் பாசம் என்னும் பெயரால் சாதி காக்கப்படுகிறது. பெற்றோரின் மனம் நோகுமே என்று சொல்லி வரதட்சணை வாங்கப்படுகிறது. ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் மணவுறவில் மட்டும் பிரிந்து நிற்கின்றனர். பொத்தப்பட வேண்டிய செவி இங்கேதான் உண்டு. குடும்பம் அன்பைக் கேட்கும்போதன்று, அநீதியைக் கேட்கும்போதே சீடன் மறுக்கவேண்டும். மறுக்கும்போதும் அழுதுகொண்டே மறுக்கவேண்டும்.

பெரியாழ்வாரின் இறையியலும் நம்முடையதும் ஒன்றெனச் சொல்ல நாம் முற்படவில்லை. எனினும், தன் மகள் தன் உடைமையல்லள் என்பதை அந்தத் தாய் கண்ணீரோடு கற்கிறாள். இப்பாடத்தை மம்சாபுரத்தின் அண்டை வீட்டாரிடமிருந்தும் கற்கச் சபைக்கு மனத்தாழ்மை வேண்டும். மணமேடையில் நின்று ஆசி கூறும் ஆயர்களே அதை முதலில் கற்கவேண்டியவர்கள்.