விளம்பரம் எழுதுந் திறமையும் தன்னை விளம்பரஞ் செய்யுந் திறமையும்

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுவதில்லை என்பது நம்மவர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் பழமொழி. இதனை நம்பி, நல்ல தொழில் அறிந்திருந்தும் வாய் திறவாது மூலையிலே கிடந்து மங்கினோர் பலர். வாய்ச் சாமர்த்தியம் ஒன்றையே முதலாக வைத்துப் பெரும்பொருள் திரட்டினோரும் பலர். ஆகவே, பிறர் சரக்கை விற்க எழுதும் ஆற்றலும் தன்னையே விற்றுக்கொள்ளும் ஆற்றலும் ஒன்றுதானா என்னும் கேள்வி ஆராயத்தக்கது. இதற்கு, டேவிட் ஓகில்வி 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஒரு விளம்பரக்காரரின் வாக்குமூலங்கள்’ என்னும் ஆங்கில நூலை எடுத்துக்கொள்வோம்.

ஓகில்வி 1911இல் இங்கிலாந்திற் பிறந்தவர். ஸ்காத்லாந்திலே வீடு வீடாய்ச் சென்று சமையல் அடுப்பு விற்றவர். 1948இல் நியூயார்க் நகரில் விளம்பரக் கம்பெனி தொடங்கியவர். அவர் எழுத்துக்கு, ரோல்ஸ்-ராய்ஸ் மோட்டார் வண்டிக்காக 1958இல் வெளியான விளம்பரமே சான்று. வண்டி மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடுகையிலும், அதிற் கேட்கும் பெரிய ஓசை மின்சாரக் கடிகாரத்தினுடையதே என்பது தலைப்பின் கருத்து. ‘ஒப்பற்றது’, ‘உலகப் புகழ் வாய்ந்தது’ என்னும் வெற்றுரை அத்தலைப்பில் இல்லை. ஓர் உண்மை இருக்கிறது. அதுவும் அவர் கற்பனையன்று. ஒரு மோட்டார் பத்திரிகையில் வந்த செய்தி. மூன்று வாரம் வண்டியைப்பற்றிப் படித்து அதனைத் தேடியெடுத்ததே அவர் திறமை.

ஆனால், இந்நூல் பிறந்த காரணம் வேறு. கம்பெனிக்குப் புதிய வாடிக்கைக்காரரைச் சேர்ப்பது, பங்குகளை விற்கச் சந்தையைப் பக்குவப்படுத்துவது, வியாபார உலகில் தம் பெயரைப் பரப்புவது என்னும் மூன்றுமே தம் நோக்கமென்றும், மூன்றும் கைகூடினவென்றும் பிற்காலப் பதிப்பின் முன்னுரையில் அவரே ஒளிவின்றி எழுதினார். 4,000 பிரதி விற்குமென எண்ணிய நூல் ஏறக்குறையப் பத்து லட்சம் விற்றது. வாக்குமூலமென வந்தது, உண்மையில், ஆசிரியர் தமக்கே எழுதிக்கொண்ட நீண்ட விளம்பரம்!

இதனை நாம் குற்றமாகக் கூறவில்லை. வாங்கியவன் வெறுங்கையோடு போவதில்லை. தொழில் நுட்பங்களை நூல் தாராளமாகக் கற்பிக்கிறது. குறை யாதெனின், விதிகள் மெய்யாயிருந்ததால் ஆசிரியர் பெரியவரானாரா, பெரியவரானதால் விதிகள் மெய்யெனத் தோன்றுகின்றனவா என்று வாசகன் மயங்க நேர்வதே.

இம்மயக்கத்தைத் தெளிவிப்பவர் ஜான் கேப்பிள்ஸ். தபால்மூலம் சங்கீதம் கற்பிக்கும் ஓர் அமெரிக்கப் பள்ளிக்கு அவர் 1926இல் ஒரு விளம்பரம் எழுதினார். பியானோவின்முன் அமர்ந்தவனைக் கண்டு நண்பர்கள் நகைத்ததும், அவன் வாசிக்கக் கேட்டு வாயடைத்துப் போனதுமே அதன் கதை. அவ்விளம்பரத்தை அறிந்தோர் பலர். எழுதியவரை அறிந்தோர் சிலர். இத்தகைய விளம்பரங்களின் அடியில் வெட்டியனுப்பும் சீட்டு ஒன்றிருக்கும். அதில் ஓர் அடையாளக்குறி இருக்கும். திரும்பி வந்த சீட்டுகளை எண்ணினால், எந்தத் தலைப்பு எத்தனை பேரை ஈர்த்ததென்பது விளங்கிவிடும். ஒரு விளம்பரம் மற்றொன்றைவிட 19½ மடங்கு விற்கக் கண்டதாக கேப்பிள்ஸ் கூறினார். சீட்டு அனுப்புவோன் எழுதியவன் முகத்தையா பார்க்கிறான்? அவன் கீர்த்தியையா கேட்கிறான்?

கேப்பிள்ஸின் நூலுக்குப் பின்னாளில் முன்னுரை வழங்கி, தாம் படித்த விளம்பர நூல்களுள் மிகப் பயனுடையது அதுவே என்று புகழ்ந்தவர் யார் தெரியுமா? ஓகில்வியேதான்! தன்னை விற்கத் தெரிந்தவரும், தொழிலைக் கற்கச் சென்றது எண்ணிப் பார்த்தவரிடமே.

எனவே நமது அபிப்பிராயம் இது. இரண்டும் வெவ்வேறு திறமைகள். ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியாகாது. வியாபாரிகளே! விளம்பரம் எழுத வருபவனிடம் அவன் பெருமையைக் கேளாதீர். அவன் முன் எழுதியது எத்தனை பேரைக் கடைக்கு அழைத்து வந்ததெனக் கேளுங்கள். எழுதும் இளைஞர்களே! ஊரார் சரக்கை வாயாரப் புகழ்ந்தெழுதிவிட்டு, உங்கள் கூலியைக் கேட்க மட்டும் ஏன் கூசுகிறீர்கள்? எழுதியதன் பலனை எண்ணி வையுங்கள். அக்கணக்கை நிமிர்ந்து நின்று சொல்லுங்கள். அது தற்புகழ்ச்சியன்று. பூவின் மணத்தைக் காற்று கொண்டுபோகும்; உழைப்பின் கணக்கை உழைத்தவனே கொண்டுபோக வேண்டும்.