எந்த ஊரு திருவிழா?

சென்னைக்கு ஒரு கார்னிவல் உண்டென்றால் அது 'சென்னை சங்கமம்'தான். 2007இல் தொடங்கி, 2011 ஆட்சி மாற்றத்தோடு நின்றுபோய், 2023 பொங்கலுக்கு 'நம்ம ஊரு திருவிழா' என்று அரசே மறுபடி நடத்தியது. பூங்காவிலும் கடற்கரையிலும் கரகம், ஒயில், கூத்து, பறை. டிக்கெட் கிடையாது. மார்கழி சபாக்களின் நகரத்தில் இது சின்ன விஷயமில்லை. சாவு வீட்டில் சாதிக் கடமையாக அடித்த கை இங்கே கலைஞனின் கையாகிறது. குனிந்து வாங்கிய கூலி சம்பளமாகிறது. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் 'நம்ம ஊரு' என்ற சொல் இடிக்கிறது. ஊர் வேறு, சேரி வேறு. ஊர்த் திருவிழாவில் முன்னால் போவது நம்ம மேளம். சாமி மட்டும் சேரிக்கு வராது. கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமைக்கே நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. எங்கள் அனகாபுத்தூரில் 2025 மே மாதம் அடையாற்றங்கரை வீடுகளை ஆக்கிரமிப்பு என்று இடித்துச் சனங்களைப் பெரும்பாக்கத்துக்கும் கீரப்பாக்கத்துக்கும் அனுப்பியதும் இதே அரசுதான். பறை நகரத்துக்குள்ளே வரலாம். பறையடிக்கிற சனம் வெளியே போகணுமா?

கார்னிவல் என்றால் மேல் கீழாகும், கீழ் மேலாகும் என்றார் ருஷ்ய விமர்சகர் பக்தின். சங்கமத்தில் எது தலைகீழானது? யார் ஏறணும், எவ்வளவு நேரம், எதை ஆடணும் எல்லாம் அதிகாரத்தின் கையில். பறைக்கு மேடை உண்டு. பறை ஏன் இழிவாக்கப்பட்டது என்ற பேச்சுக்கு மேடை இல்லை.

பிரேசிலின் ரியோ கார்னிவலைப் பாருங்கள். அடிமைப்பட்ட கறுப்பின மக்களின் சந்ததி வளர்த்த சம்பாவை ஒருகாலத்தில் போலீஸ் விரட்டியது. பிறகு அதுவே தேசப் பெருமையானது. அடிமைமுறை ஒழிப்பின் நூற்றாண்டான 1988இல் மங்கேய்ரா சம்பாப் பள்ளி, 'இந்த விடுதலை நிஜமா, மாயையா?' என்பதையே ஊர்வலத்தின் பொருளாக எடுத்தது. அவர்களுடைய ஆட்டம், அவர்களே எடுத்த பொருள்.

இங்கேயும் அதற்கு வழி தெரிந்திருக்கிறது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' நடத்தியபோது கானாவும் ஒப்பாரியும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. சங்கமத்தைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை தோழர்களே. அது நம் வரிப்பணம். குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பறைக் கலைஞர்கள் உட்காரட்டும். மேடையில் அடிப்பதற்கு முன்னால் அவர்கள் தங்கள் கதையைப் பேசட்டும். அப்புறம் 'நம்ம ஊரு' என்று சொல்லலாமா என்று யோசிப்போம்.